மலை ஓடையில் மின்சாரம்: சிறு மின்கட்டமைப்பு நிலைத்து நிற்க என்ன வேண்டும்?

கேமரன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் 1963-ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கு மின்சாரம் தந்து வருகிறது. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக ஜோர் பகுதியின் சுல்தான் யூசோப் நிலையத்தை அடைகிறது. அதன் திறன் 100 மெகாவாட்.

ஆனால் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிக் காட்டுக்குள் வெகுதூரம் தள்ளியிருக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கு மின்கம்பி இழுப்பது எளிதல்ல. சில பத்து வீடுகளுக்காக மலை மலையாகக் கம்பம் நட வேண்டும். இத்தகைய இடங்களுக்கு ஏற்றது சிறு மின்கட்டமைப்பு. அதாவது, கிராமத்திலேயே மின்சாரம் தயாரித்து, அங்குள்ள வீடுகளுக்கே பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு.

தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. அன்று பல தோட்டங்களில் இஞ்சின் ஓடும் வரைதான் லயத்து வீடுகளில் விளக்கு எரியும். ஆனால் டீசல் செலவு மிக்கது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அதன் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக உயர்ந்தது. அதைக் காட்டுப் பாதையில் சுமந்து செல்லும் செலவு தனி. ஓடைக்கும் வெயிலுக்கும் இந்தச் செலவு இல்லை.

ஓர் ஓடை எவ்வளவு மின்சாரம் தரும்? நீரின் அளவும் அது விழும் உயரமுமே அதைத் தீர்மானிக்கின்றன. விநாடிக்கு 20 லிட்டர் நீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இயந்திர இழப்பு போக, ஏறத்தாழ 6 கிலோவாட் கிடைக்கும். 30 வீடுகள் என்றால் வீட்டுக்கு 200 வாட். விளக்கு, கைப்பேசி, தொலைக்காட்சிக்கு இது போதும். ஆனால் 500 வாட் சோற்றுக் குக்கரை 12 வீடுகளில் ஒரே நேரத்தில் போட்டாலே மொத்த மின்சாரமும் தீர்ந்துவிடும். ஆகவே எந்த வீடு எந்த நேரத்தில் எதைப் பயன்படுத்துவது என்று ஊர் கூடி முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும்.

மழைக்கால ஓடையைப் பார்த்துக் கணக்குப் போடவும் கூடாது. வறண்ட மாதத்தில் அதே ஓடையில் விநாடிக்கு 8 லிட்டர்தான் வந்தால், கிடைப்பது 2.4 கிலோவாட்டுக்கும் குறைவு. மழை குறையும் நாட்களில் வெயில் கூடும் என்பதால், சூரியத் தகடும் மின்கலமும் அந்தக் குறையை ஈடுகட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆண்டு முழுவதும் விளக்கு எரியும்.

கேமரன் மலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது மண். மேட்டு நிலங்களை வெட்டித் திறந்ததால் அடித்துவரப்பட்ட மண், ரிங்லெட் நீர்த்தேக்கத்தையே நிரப்பி அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய அணைக்கே இந்த நிலை என்றால், சிறு ஓடை என்னாகும்? மணல் கலந்த நீர் சுழலியின் தகடுகளைத் தேய்த்துவிடும். குழாய்க்கு முன்னால் மணல் படியும் தொட்டி அவசியம். அதைவிட அவசியம், ஓடைக்கு மேலே உள்ள காடு.

சபாவின் கம்போங் தெரியான் மக்கள் இதை உணர்ந்தவர்கள். தங்கள் உழைப்பையும் கொடுத்து அமைத்த சிறு புனல் மின் நிலையத்துக்காக, ஓடை பிறக்கும் காட்டையும் அவர்கள் காக்கிறார்கள். சரவாக்கில் 2016-இல் தொடங்கிய 'சாரேஸ்' திட்டத்திலும், சூரிய மின் அமைப்பை அன்றாடம் பராமரிக்கக் கிராம மக்களுக்கே பயிற்சி தரப்படுகிறது.

பழுதடையும் ஒரு சிறு பாகத்தை மாற்ற நகரத்திலிருந்து ஆள் வரும் வரை காத்திருந்தால், கிராமம் வாரக்கணக்கில் இருளில் கிடக்கும். மின்கலமும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அதற்கான பணத்தை மாதாமாதம் சேர்த்தாக வேண்டும். திறப்பு விழாவுக்கு முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: பழுது பார்க்கக் கற்ற இருவர் ஊரில் உண்டா? மாதச் சந்தாவை யார் வைத்திருப்பார்? மேலே உள்ள காட்டை யார் காப்பார்? இவற்றுக்குப் பதில் உள்ள ஊரில் விளக்கு நீண்ட காலம் எரியும்.