பிள்ளை பெற்ற வயிறு: விலகிய தசையும் திரும்பும் வலுவும்

குழந்தைக்கு 45-வது நாள் ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் தாயிடம் என்னென்ன கேட்கிறார்கள்? குழந்தை எவ்வளவு எடை, தாய்ப்பால் மட்டும்தானா, உதிரப்போக்கு நின்றுவிட்டதா, தையல் ஆறிவிட்டதா, காப்பர் டி போட்டுக்கொள்கிறாயா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவளைப் படுக்கவைத்து, நடுவயிற்றில் விரல் வைத்துப் பார்ப்பவர்கள் அபூர்வம். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை அது. யாரும் பார்க்காததால், ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளிடம் பஸ்ஸில் யாரோ "இது எத்தனாவது மாசம்மா?" என்று கேட்கிறார்கள். அவளும் தொப்பை போட்டுவிட்டது என்று நினைத்துச் சோற்றைக் குறைக்கிறாள். பால் கொடுக்கும் உடம்பு சோர்ந்துபோகிறது. வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

வயிற்றின் முன்பக்கத்தில், மார்பெலும்பின் நுனியிலிருந்து இடுப்பெலும்பு வரை, வலமும் இடமுமாக இரண்டு நீளத் தசைகள் இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் இணைத்துப் பிடித்திருப்பது வெள்ளையான ஒரு நார்ப்பட்டை. கருப்பை வளர வளர இந்தப் பட்டை அகன்று மெலிகிறது. கர்ப்பகால ஹார்மோன்களும் அதை இளக்குகின்றன. தசை எதுவும் கிழிவதில்லை, இரண்டும் விலகி நிற்கின்றன, அவ்வளவுதான். பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் பட்டை தானாகவே சுருங்குகிறது. சிலருக்குப் பழைய எலாஸ்டிக் மாதிரி தளர்ந்தே நின்றுவிடுகிறது. இடைவெளி சுமார் 2 செ.மீ.க்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் அதை டயஸ்டாசிஸ் ரெக்டை என்கிறார்கள்.

இது எவ்வளவு சகஜம் என்பதற்கு நார்வேயில் முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். பிரசவமான ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இந்த விலகல் இருந்தது. ஆறு மாதத்தில் அது 45 சதவீதமாகக் குறைந்தது. ஒரு வருடம் ஆன பிறகும் மூன்றில் ஒருவருக்கு மிச்சம் இருந்தது. விலகல் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட இடுப்புவலி அதிகம் என்றும் அந்த ஆய்வில் தெரியவரவில்லை. போர்ச்சுக்கலில் நடந்த இன்னொரு ஆய்வில், கர்ப்பத்தின் 35-வது வாரத்தில் அளந்து பார்த்த அத்தனை பெண்களுக்கும் விலகல் இருந்தது. ஆகவே இதை நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. கர்ப்பத்தில் நடக்க வேண்டியது நடந்திருக்கிறது. சிலருக்கு அது திரும்பி வரத் தாமதமாகிறது.

"சிசேரியன்ல தசைய வெட்டிட்டாங்க, அதான் வயிறு தொங்குது" என்று சொல்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால் இந்தப் பேச்சுக்குக் காதுகளும் அதிகம். உண்மையில் வழக்கமான சிசேரியனில் இந்த நீளத் தசைகளை வெட்டுவதில்லை. நடுவே பிரித்து ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் விலகல் வருகிறது. காரணம் ஒன்பது மாத இழுவை.

அடுத்தது வயிறு கட்டுவது. பச்சை உடம்புக்காரிக்குப் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து இறுக்கிக் கட்டாவிட்டால் வயிற்றில் காற்று புகுந்துவிடும் என்பது பாட்டிமார் நம்பிக்கை. காற்று எதுவும் புகாது. ஆனால் முதல் சில வாரங்களில் மிதமான கட்டு இதமாக இருக்கும். தையல் போட்டவள் இருமும்போதும் எழும்போதும் பிடிமானம் கிடைக்கும். அதனால் பாட்டியோடு சண்டை போடாதீர்கள். மூச்சு முட்டும்படி இறுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இறுக்கினால் அழுத்தம் கீழ்ப்பக்கம் போய் இடுப்புத்தளத் தசைகளைத் தாக்கும். கட்டோ, கடையில் விற்கும் பெல்ட்டோ தசைக்கு வலு கொடுக்காது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு நேர் மேலே இரண்டு விரல்களைக் குறுக்காக வையுங்கள். மூச்சை விட்டபடி தலையையும் தோளையும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விளிம்புகள் விரலை நெருங்கி வருவது தெரியும். நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். தொப்புளிலும், அதற்கு நான்கு விரல் மேலேயும் கீழேயும் இதையே செய்யுங்கள். அகலத்தைவிட முக்கியமானது ஆழம்: விரல் மெத்தென்று உள்ளே அமிழ்கிறதா, விறைப்பாகத் தடுக்கிறதா? மூன்று விரல் அகலம் இருந்தும் பட்டை விறைப்பாக இருந்தால் அந்த வயிறு வேலைக்கு ஆகும். இரண்டு விரல்தான், ஆனால் கொழகொழவென்று இருந்தால் அதற்குத்தான் கவனிப்பு வேண்டும். விரல் எண்ணிக்கையே கதி என்று இருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இனி பயிற்சி. முதல் பாடம் மூச்சு. மடக்கிய முழங்காலுடன் படுத்து, இரு கைகளையும் அடிவயிற்றில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலாவும் வயிறும் விரியட்டும். வாயால் மெதுவாக விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையை மேலே இழுத்து, தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதியை மென்மையாக உள்வாங்குங்கள். சில விநாடி அப்படியே வைத்துத் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. எட்டு, பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. சுகப்பிரசவம் ஆனவர்கள் வலி இல்லையென்றால் சில நாட்களிலேயே தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். உதிரப்போக்கு கூடினாலோ தையலில் வலி இழுத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இது பழகியதும் அதே மூச்சோடு ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்தபடி நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பைத் தூக்கி இறக்குவது, அதன் பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது என்று வாரக்கணக்கில் ஏறலாம். எந்தப் படியிலும் ஒரே பரீட்சைதான்: செய்யும்போது நடுவயிறு கூம்பாகப் புடைக்கிறதா? புடைத்தால் அந்தப் பயிற்சி இப்போதைக்குக் கடினம். முந்தைய படிக்கு இறங்குங்கள்.

படுத்தபடி தலை, தோளைத் தூக்கும் பயிற்சியைச் செய்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிவிடும் என்று பல வருடங்களாகப் பயமுறுத்தி வந்தார்கள். நார்வே ஆய்வாளர்கள் 70 தாய்மாரை வைத்து அதைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவமாகி ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆனவர்கள். பயிற்சி செய்த பிரிவினர் 12 வாரம் அதைச் செய்தார்கள். இடைவெளி பெரிதாகவும் இல்லை, குறிப்பிடும்படி சிறிதாகவும் இல்லை. ஆனால் தசை வலுவும் தடிமனும் கூடின. எனக்கு இதில் படுவது இதுதான்: பயிற்சியின் பலனை விரல் அகலத்தில் தேடாதீர்கள். குழந்தையைத் தூக்கும்போது முதுகு பிடிக்காமல் இருக்கிறதா, தும்மினால் சிறுநீர் கசிவது நின்றதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று பாருங்கள். இடைவெளி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

மீதி நாள் முழுக்க உடம்பைக் கெடுத்துவிட்டுப் பத்து நிமிடப் பயிற்சியால் பயன் கொஞ்சமே. படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். மலச்சிக்கலை வைத்துக்கொண்டு முக்காதீர்கள். குடமோ பிள்ளையோ, தூக்கும் நொடியில் மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். நிரப்பிய வீட்டு கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை நகர்த்துவது வீட்டில் உள்ள ஆண்களின் வேலையாக இருக்கட்டும். ஒன்றும் குறைந்துவிட மாட்டார்கள். சொல்லப்போனால் தொப்பை பெருத்த ஆண்களுக்கும் இதே விலகல் வருவதுண்டு.

எட்டு, பத்து வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை, முதுகுவலி விடவில்லை, சிறுநீர் கசிகிறது என்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு உண்டு. 104-ஐ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால், கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்கும், சிகிச்சைப் பதிவுகளின் நகலைப் பெறுவதற்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"21 நாளில் வயிறு ஒட்டிவிடும்" என்று எண்ணெயும் பெல்ட்டும் விற்பவர்கள் போனைத் திறந்தாலே வருகிறார்கள். தோலில் தடவும் எதுவும் அந்த நார்ப்பட்டைக்குப் போய்ச் சேராது. பணம் கட்டி ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. தசையைத் தைத்து நெருக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அது பயிற்சியால் பலன் கிடைக்காத, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு; பிரசவமான சில மாதங்களிலேயே யாராவது அதற்கு அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரசவமான பின் ஆறு வாரம் வரை ஒரு பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்கிறது சட்டம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதற்கு மேலும் பிரசவத்தால் உடல்நலக் குறைவு இருப்பதாக மருத்துவர் சான்று கொடுத்தால், கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு கேட்கலாம். இந்தக் கடைசிப் பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கு இதில் எதுவும் நடைமுறையில் கைக்கு வருவதில்லை. சிமென்ட் சட்டி தூக்கும் வயிற்றுக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை என்பதால் இது பெரிய அநியாயம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தசை விலகல் வேறு, குடலிறக்கம் வேறு. விலகலில் பட்டை மெலிந்திருக்குமே தவிர ஓட்டை இருக்காது. தொப்புள் பக்கத்தில் தனியாக ஒரு கட்டி போலப் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கமாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.