கோட்டையும் கோப்பும் – 14: கையொப்பமிட்டவர் யார், முடிவெடுத்தவர் யார்?

சட்ட மேலவையின் கதையை இந்த வாரம் தொடங்குவதாகச் சொல்லியிருந்தேன். மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் 154-வது பிரிவின்படி ஆளுநரிடம், அவருக்கு அறிவுரை சொல்ல 163-வது பிரிவின்படி அமைச்சரவை என்பது வரை பார்த்துவிட்டோம். மேலவைக்குப் போவதற்குள் பழைய பேருந்து வழக்கு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

ஏதாவது ஓர் அரசாணையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் எந்தத் துறையானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உச்சியில் துறையின் பெயர், ‘அரசாணை (நிலை) எண்’, தேதி, திருவள்ளுவர் ஆண்டு. அடுத்து ‘படிக்கப்பட்டவை’ என்று அந்தக் கோப்பின் முன்கதையான கடிதங்களும் பழைய ஆணைகளும். பிறகு ‘ஆணை’ என்ற தலைப்பின் கீழ் எண்ணிட்ட பத்திகள். அவை முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் ‘ஆளுநரின் ஆணைப்படி’. அதற்குக் கீழே துறைச் செயலாளரின் பெயர். பெறுநர் பட்டியலுக்குப் பிறகு, பக்கத்தின் அடியில், ‘ஆணைப்படி அனுப்பப்படுகிறது’ என்று பிரிவு அலுவலரின் கையொப்பம்.

ஆளுநரின் ஆணைப்படி என்று அச்சிட்டிருந்தாலும் அன்றாடக் கோப்புகள் எதுவும் கிண்டி ஆளுநர் மாளிகைக்குப் போவதில்லை. உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுகிறார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று படியேறிச் செயலாளரிடம் போகிறது. முக்கியமானவை அமைச்சரிடமும், அதற்கும் மேலானவை முதலமைச்சரிடமும் போகும். மற்றவை செயலாளர் மேசையிலேயே முடிந்துவிடும். அப்படி முடிந்த ஒரு கோப்பில் ‘அரசு முடிவு செய்தது’ என்று எழுதினால், அந்த ‘அரசு’ யார்?

1960-களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தின் தனியார் பேருந்து முதலாளிகள் சிலர் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். முகப்பில் குடும்பப் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ எழுதிய பேருந்துகள் ஊருக்கு ஊர் ஓடிய காலம் அது. வழித்தடங்களை அரசுடைமையாக்கும் வேலை வேகமெடுத்திருந்தது. 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-ல் சேர்த்த 68-சி பிரிவுதான் அதற்குக் கருவி. பொதுநலன் கருதி ஒரு தடத்தை அரசுப் போக்குவரத்தே நடத்துவது அவசியம் என்று அரசுப் போக்குவரத்தை நடத்தும் அமைப்பு கருத்துக் கொண்டால், அதற்கு ஒரு திட்டம் வகுத்து வெளியிடலாம் என்பது அந்தப் பிரிவு. பல்லவன், சேரன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள் 1972-ல்தான் வந்தன. அதற்கு முன் அரசுப் பேருந்துகளை ஓட்டியது அரசின் ஒரு துறை. ஆகவே இங்கே ‘கருத்துக் கொள்ள’ வேண்டியவர் மாநில அரசேதான்.

ஆனால் அந்தக் கருத்தைக் கொண்டவர் தொழில், தொழிலாளர், வீட்டுவசதித் துறையின் செயலாளர். அமைச்சரவை கூடிப் பேசவில்லை, அமைச்சரும் முடிவெடுக்கவில்லை. வழக்கின் பெயர் ஏ. சஞ்சீவி நாயுடு எதிர் சென்னை மாநிலம். மனுதாரர்கள் தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. ‘சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அமைச்சர்கள். மக்கள் ஓட்டுப்போட்டது அவர்களுக்கு. எங்கள் பிழைப்பைப் பாதிக்கிற முடிவை அவர்களில் யாருமே எடுக்காமல் ஒரு செயலாளர் எடுப்பது எப்படி அரசின் முடிவாகும்?’ இதுதான் சாரம்.

1970-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கே.எஸ். ஹெக்டே. அவர் கைவைத்தது அரசியல் சட்டத்தின் 166(3)-ல். அரசின் அலுவல்கள் வசதியாக நடப்பதற்கும், அவற்றை அமைச்சர்களுக்குள் பங்கிடுவதற்கும் ஆளுநர் விதிகள் செய்ய வேண்டும் என்கிறது அது. அப்படிப் பிறந்தவைதான் அரசு அலுவல் விதிகள். அவற்றின்கீழ் இந்த அதிகாரம் செயலாளருக்கு முறையாகவே ஒதுக்கப்பட்டிருந்தது. ஓர் அமைச்சகத்தில் நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவுகள் எண்ணற்றவை; எல்லாவற்றையும் அமைச்சரே எடுக்க வேண்டுமென்றால் நிர்வாகம் நின்றுபோகும் என்று சொன்ன ஹெக்டே, அடுத்து ஒரு நுட்பமான கோடு கிழித்தார். அந்தச் செயலாளர் அமைச்சரிடம் அதிகாரத்தைக் கடன் வாங்கிய பிரதிநிதி அல்லர். அரசின் ஓர் அங்கம். அவர் செய்தால் அது அரசு செய்தது. ஆனால் அதற்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது அமைச்சரவை. ‘எனக்குத் தெரியாது, அதிகாரி செய்தது’ என்று ஓர் அமைச்சர் அவையில் தப்பிக்க முடியாமல் போவது இந்தக் கோட்டினால்தான்.

ஹெக்டே பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1973-ல் ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது, மூத்தவர்களான ஷேலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டித்தான் அந்த நியமனம் நடந்தது. மூவரும் பதவி விலகினார்கள். 1974-ல் அதே ரே தலைமையில் ஏழு நீதிபதிகள் ஷம்ஷேர் சிங் வழக்கைக் கேட்டார்கள். பதவி இழந்த பஞ்சாப் நீதித்துறை அலுவலர்கள் இருவர், ஆளுநர் தாமே முடிவெடுத்திருக்க வேண்டும் என்று வாதிட்ட வழக்கு அது. ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர் என்று அந்த அமர்வு உறுதி செய்தபோது, ஹெக்டேயின் பேருந்துத் தீர்ப்பைத்தான் துணைக்கு அழைத்தது. ஹெக்டேவோ 1977-ல் மக்களவைத் தலைவரானார். அமைச்சர்கள் அவைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுதியவர், அவர்கள் பதில் சொல்கிற அவையின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இதைப் படித்த நாளிலிருந்து அந்த மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை.

இனி 166-வது பிரிவின் பூர்வீகம். 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 59-வது பிரிவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வாசகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. எல்லா நடவடிக்கையும் ஆளுநர் பெயரில், விதிப்படி கையொப்பமிட்டால் செல்லும், அலுவல் விதிகளை ஆளுநர் செய்வார். மாகாணத்தை ஆள லண்டன் நாடாளுமன்றம் எழுதியது, இன்றும் நம் அரசாணையின் அடியில் நிற்கிறது. 1948 நவம்பரில் வரைவை அறிமுகப்படுத்திப் பேசிய அம்பேத்கர் இந்தக் கடனை மறைக்கவில்லை. நிர்வாக நுணுக்கங்களை ஏன் சட்டத்திலேயே எழுதுகிறோம் என்பதற்கும் அவர் காரணம் சொன்னார்: அரசியல் சட்டத்தைத் தொடாமலே நிர்வாக முறையை மாற்றி அதன் உயிரைக் குலைத்துவிட முடியும் என்று அவர் அஞ்சினார்.

அப்படியானால் மாறியது என்ன? 1935 சட்டத்தின் பிரிவுகளைத் தேடிப்பாருங்கள், அமைச்சரவை சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்ற வரி கிடைக்காது. ஆளுநருக்குக் கொடுத்த அறிவுரைப் பத்திரத்தில், அமைச்சர்களிடையே கூட்டுப்பொறுப்பை வளர்க்க முயல வேண்டும் என்ற அளவில்தான் அது இருந்தது. இதன் விளைவைச் சென்னை கண்ணால் கண்டது. 1937 தேர்தலில் 215 இடங்களில் 159-ஐ வென்ற காங்கிரஸ், ஆளுநரின் தனி அதிகாரங்கள் குறித்து உறுதிமொழி கேட்டு ஆட்சியேற்க மறுத்தது. ஆளுநர் எர்ஸ்கின் பிரபு, கே.வி. ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவையை அமர்த்தினார். ஏப்ரல் முதல் ஜூலை வரை அது சட்டசபையைச் சந்திக்காமலேயே இருந்துவிட்டுப் போனது. ஜூலை 14-ல் ராஜாஜி பதவியேற்றார்.

1950-ல் வந்த 164(2) இந்த ஓட்டையை அடைத்தது: அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. என்னைக் கேட்டால், மாகாண அரசை மாநில அரசாக்கிய வரி இதுதான்.

அலுவல் விதிகளின் பலம் தெரிந்தவர்கள் அவற்றை மூடிவைக்கவும் பார்த்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-வது திருத்தம் 166-ல் நான்காவது உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தது. அந்த விதிகளைக் கொண்டுவந்து காட்டு என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்பது அதன் பொருள். யார் முடிவெடுத்தார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று குடிமகன் கேட்கும் வழியையே அது அடைத்தது. பேருந்து முதலாளிகள் வழக்கில் தோற்றார்கள், உண்மைதான். ஆனால் நீதிமன்றம் விதிகளை விரித்துப் படித்துப் பார்த்த பிறகுதான் தோற்றார்கள். அந்த உரிமைகூட இல்லையென்றால் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளலாம். 1978-ல் 44-வது திருத்தம் அந்த உட்பிரிவை நீக்கியது.

அடுத்த வாரம் மேலவைதான். 1952-ல் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்காத சென்னை மாநிலத்தில், தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், ராஜாஜி முதலமைச்சரானார். அந்த நியமனத்துக்கு ஆளுநருக்கு அறிவுரை சொன்ன அமைச்சரவை எது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)