முதுகுக்கு ஒரு புள்ளிகூட இல்லை!

படிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்ன வேலை பண்ணுங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நண்பனோட முதுகைத் தொட்டுப் பாருங்க. தோளுக்குப் பின்னாடி முக்கோணமா ஒரு எலும்பு தட்டுப்படும். அது மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு, அவனைக் கையை முன்பக்கமா மெதுவா மேலே தூக்கச் சொல்லுங்க. கை மேலே போகப் போக, உங்க உள்ளங்கைக்கு அடியில அந்த எலும்பு வழுக்கிக்கிட்டுச் சுழலுது இல்ல?

கையை உச்சி வரை தூக்குற 180 டிகிரியில சுமார் 120 டிகிரிதான் தோள் மூட்டோட சொந்தச் சம்பாத்தியம். மிச்சம் 60 டிகிரி இந்த முக்கோண எலும்பு கொடுக்கிற கைமாத்து. 1944-லயே இதை அளந்து எழுதி வெச்சுட்டாங்க.

இந்தக் கைமாத்து விஷயம் தெரியாம நான் ஒரு ஆப் எழுதினேன். மாட்டிக்கிட்டது எங்க சித்தப்பா!

எங்க ஊர் கும்மிடிப்பூண்டி. மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை எல்லாம் தாண்டி வர்ற லோக்கல் ட்ரெயின் ஊர். காலையில நாங்க காலேஜுக்குக் கிளம்புற அதே பிளாட்ஃபார்ம்ல, சிப்காட் வேலைக்கு வர்ற கூட்டம் இறங்கும். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியான்னு நாலு பாஷை ஒரே படிக்கட்டுல இடிச்சுக்கும். சித்தப்பா அங்கே ஒரு ரோலிங் மில்லுல காண்ட்ராக்ட் ஆள். வயசு 46. சுகர் உண்டு.

போன வருஷம் அவருக்கு வலது தோள் பிடிச்சுக்கிச்சு. தலை வாரக்கூடக் கை மேலே போகலை. டாக்டர் பார்த்துட்டு 'ஃப்ரோஸன் ஷோல்டர்'னு சொன்னார். சுகர் இருக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வருமாம். மாசக்கணக்குல இழுக்கும், பயிற்சியை விடக்கூடாது. ஆனா பிசியோதெரபிக்குப் போய் வர அரை நாள், அரை நாள் போனா அன்னைக்குச் சம்பளமே போச்சு. சித்தப்பா நாலாவது நாளே ஜூட்!

'வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவாங்களே'ன்னு நீங்க கேட்கலாம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல அது உண்டு. ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்னு கணக்கு. எங்க ஒன்றியத்துல மட்டும் சுமார் 60 ஊராட்சி இருக்கு. படுத்த படுக்கையா கிடக்கிறவங்களைத்தான் அவங்க முதல்ல பார்க்கணும், அதுதான் நியாயமும்கூட. நடமாடுற சித்தப்பாவோட முறை எப்போ வர்றது?

அப்போதான் நம்ம மூளையில பல்ப் எரிஞ்சது. மினி ப்ராஜெக்ட்டுக்கும் தலைப்பு தேடிக்கிட்டிருந்த நேரம் வேற.

கூகுள் 2020-ல 'பிளேஸ்போஸ்'னு ஒரு சமாசாரத்தை வெளியிட்டாங்க. போன் கேமரா முன்னாடி நின்னா போதும், உங்க உடம்புல 33 புள்ளியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துடும். இலவசம். இடுப்பு, தோள், முழங்கைன்னு மூணு புள்ளியை எடுத்துக்கிட்டு, நடுவுல இருக்கிற கோணத்தைக் கணக்குப் போடணும். ப்ளஸ் டூல 'இது எதுக்குடா உதவும்'னு திட்டிக்கிட்டே படிச்ச வெக்டார் டாட் ப்ராடக்ட் இருக்கே, அதேதான்! ஒரு ராத்திரியில முடிச்சுட்டேன். சித்தப்பா கையைத் தூக்கினா ஸ்க்ரீன்ல பச்சை கலர்ல டிகிரி ஓடும். நேத்தைவிட அதிகம்னா பட்டாசு வெடிக்கும். பட்டாசு மட்டும் எங்க ரூம்மேட்டோட ஐடியா.

முதல் நாள் 95. ரெண்டு வாரத்துல 135. மொட்டை மாடியில தினமும் தீபாவளி!

சித்தப்பா அந்த 135-ஐ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து காண்ட்ராக்டர்கிட்ட பெருமையா காட்டியிருக்கார். 'அதான் நல்லாயிடுச்சே, திங்கட்கிழமை லைனுக்கு வந்துடு'ன்னு பதில் வந்திருக்கு. அவரும் போயிட்டார். ரெண்டே ஷிஃப்ட். மூணாவது நாள் ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியாம உட்கார்ந்தே விடிய வெச்சார். என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது எனக்கு.

சித்தியோட அம்மா வீடு திருவள்ளூர். லீவு போட்டுட்டு அங்கேயே தங்கி, பக்கத்துல ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு தினமும் போறதுன்னு முடிவாச்சு. துணைக்கு நான், கையில லேப்டாப். அங்கே இருந்த மேடம் என் ஸ்க்ரீனைப் பொறுமையாப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு கையால சித்தப்பாவோட முக்கோண எலும்பை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அவர் கையைத் தூக்கினாங்க. கோனியோமீட்டரை வெச்சா... 80! இப்படிப் பிடிச்சு அளந்தா நல்ல தோளே சுமார் 120-தான் காட்டும். அப்படிப் பார்த்தாலும் 80 ரொம்பக் குறைச்சல்.

அப்போ என் 135? பொய் இல்லை. கை அவ்வளவு தூரம் போனது நிஜம்தான். ஆனா யார் தூக்கினதுன்னு கேமரா சொல்லலை. மூட்டு இறுகிக் கிடக்க, முக்கோண எலும்பு ஓவர்டைம் பார்த்திருக்கு. மிச்சத்துக்கு சித்தப்பா நடு முதுகை வில்லா வளைச்சிருக்கார். பட்டாசு வெடிக்கணுமே!

அன்னைக்கு ராத்திரிதான் அந்த 33 புள்ளியையும் ஒண்ணொண்ணா எண்ணினேன். முகத்துக்கு மட்டும் 11. மணிக்கட்டு, விரல் பக்கம் ரெண்டு கைக்கும் சேர்த்து 8. மிச்சம் தோள், முழங்கை, இடுப்பு, கால். முதுகுத் தண்டுக்கு ஒண்ணுகூட இல்லை. முக்கோண எலும்புக்கும் இல்லை. யோகாவுக்கும், டான்ஸுக்கும், ஃபிட்னஸுக்கும்னு செஞ்ச பொருள் அது. அந்த வேலையை நல்லாவே செய்யுது. நோயாளியோட முதுகைப் பார்க்கச் சொல்லி அதுகிட்ட யாரும் கேட்கலை, நான் உட்பட.

இன்னொரு கூத்தும் உண்டு. ஃப்ரோஸன் ஷோல்டர்ல முதல்ல அடி வாங்குறது கையைத் தூக்குறது இல்லையாம். முழங்கையை இடுப்போட ஒட்டி வெச்சுக்கிட்டு, கதவு திறக்கிற மாதிரி முன்கையை வெளியே திருப்புறோமே, அதுதானாம். கேமராவுக்கு நேரா நின்னு இதைச் செஞ்சா ஆரம்பத்துல முன்கை லென்ஸைப் பார்த்து நீட்டிக்கிட்டிருக்கும். ஆழத்தை ஒத்தைக் கேமரா குத்துமதிப்பாத்தான் சொல்லணும். என் ஆப்ல அந்தப் பயிற்சியே கிடையாது. எங்க பாட்டி முட்டிவலிக்கும் ஆப்பைக் காட்டிப் பார்த்தேன். புடவைக்குள்ள முட்டி எங்கேன்னு தெரியாம புள்ளி அங்கேயும் இங்கேயும் குதிச்சு விளையாடிச்சு.

கிளினிக்ல பி.பி.டி. இன்டர்ன்ஷிப் பண்ற நம்ம வயசுப் பொண்ணு ஒருத்தங்க இருந்தாங்க. ஏ.ஐ. வந்து தன் வேலையைத் தின்னுடுமோன்னு அவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு டென்ஷன். பிரிட்டன்ல ஃப்ளாக் ஹெல்த்னு ஒரு கம்பெனி முதுகுவலிக்கு ஏ.ஐ. பிசியோதெரபி கிளினிக்கே நடத்துது, அரசு மருத்துவ சேவையோட சேர்ந்து. பயம் வர்றது சகஜம்தான். அவங்கதான் எனக்கு 'எண்ட் ஃபீல்' கத்துக்கொடுத்தாங்க. நீங்களும் பாருங்க. நண்பனோட முழங்கையை நீங்களே மெதுவா மடக்கினா சதையோட சதை மெத்துனு முட்டி நிக்கும். நீட்டினா எலும்போட எலும்பு டக்னு நிக்கும். இறுகிப்போன தோள் தோலை இழுத்துப் பிடிச்ச மாதிரி பாதியிலேயே நிக்குமாம். வலிக்குப் பயந்தவர் தோள்ல தடுப்பே கைக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி அவரே 'ஐயோ' சொல்லிடுவார். ரெண்டு பேருக்கும் கேமரா 80-னுதான் காட்டும். வைத்தியம் ஒண்ணு இல்லை.

அதுக்காக மெஷினே வேண்டாம்னு சொல்ல வரலை பாஸ். மெஷினுக்கு எந்த வேலையைக் கொடுக்கிறோம்கிறதுதான் மேட்டர். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து செஞ்ச 'புளூட்டோ'வைப் பாருங்க. 'பிளக் அண்ட் ட்ரெய்ன் ரோபோ'ங்கிறதோட சுருக்கம்தான் அந்தப் பேர். சி.எம்.சி.யோட சிவகுமார் பாலசுப்ரமணியன், ஐ.ஐ.டி.யோட சுஜாதா ஸ்ரீனிவாசன் ரெண்டு பேரோட குழு செஞ்சது. பக்கவாதத்துல கை விழுந்தவங்களுக்கானது. ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்க ஒரு பிடி, விரலைத் திறந்து மூட வேற பிடின்னு மாத்தி மாத்தி மாட்டிக்கலாம். கம்ப்யூட்டர்ல கேம் ஆடிக்கிட்டே கையை அசைக்கணும். 2024-ல இது ஒரு கம்பெனி மூலமா விற்பனைக்கும் வந்தாச்சு.

எதுக்கு ரோபோ? 2009-ல வந்த ஒரு ஆய்வு காரணம் சொல்லுது. வட அமெரிக்காவுல பக்கவாத நோயாளிகளோட பயிற்சியைப் பக்கத்துல உட்கார்ந்து எண்ணினப்போ, ஒரு தடவைக்கு சராசரியா 32 கை அசைவுதான் தேறிச்சு. மூளை புதுசாப் பழக நூத்துக்கணக்குல வேணும்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. அலுத்துக்காம நூறு, இருநூறுன்னு செய்ய வைக்க மனுஷனைவிட மோட்டார் பெஸ்ட். எந்தப் பயிற்சி, எப்போ நிறுத்தணும்கிறதைத் தெரபிஸ்ட் பார்த்துக்கலாம்.

ஒரே கம்பெனியை நம்புறதுலயும் ஆபத்து உண்டு. 2010-ல எக்ஸ்பாக்ஸுக்கு வந்த கினெக்ட் கேமராவை வெச்சு உலகம் பூரா பிசியோ ஆராய்ச்சி பண்ணினாங்க. 2017-ல மைக்ரோசாஃப்ட் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. கேமில் தோத்தா ஆஸ்பத்திரிக்கும் கேம் ஓவர்!

எனக்கு இப்போ தூக்கம் கெடுக்கிற விஷயம் வேற. அமெரிக்காவுல ஹிஞ்ச் ஹெல்த்னு ஒரு கம்பெனி. கேமராவைப் பார்த்துப் பயிற்சி பண்ற இதே டெக்னாலஜிதான். 2025 மே மாசம் நியூயார்க் பங்குச்சந்தைக்கே வந்துட்டாங்க. அவங்களோட முக்கியமான கஸ்டமர் யார் தெரியுமா? நோயாளி இல்லை, நோயாளிக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகள். நாளைக்கு நம்ம சிப்காட்டுக்கும் இது வரும், வரட்டும். குனியற, தூக்கற கோணத்தைக் கேமராவே பார்த்து 'இந்த இடத்துல முதுகு போயிடும்'னு சொன்னா ரொம்ப நல்லது. ஆனா அதே கேமராவால 'இந்த ஆள் மெதுவா குனியறார்'னும் சொல்ல முடியும். 2023-ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு. உங்க சம்மதம் வேணும்கிறாங்க. காண்ட்ராக்டர் கேட்டா சித்தப்பா 'மாட்டேன்'னு சொல்லுவாரா? போன தடவை யாரும் கேட்காமலேயே அவரே நீட்டினார்!

அதனால வெர்ஷன் 2-ல சில மாத்தம். பட்டாசு கட். சித்தப்பா ஸ்க்ரீன்ல டிகிரி வராது. எத்தனை தடவை செஞ்சார், வலி பத்துக்கு எவ்வளவு, அவ்வளவுதான். ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது, ஆண்ட்ராய்டுல அதுக்கு ஒரே ஒரு வரி கோட். வாரம் ஒரு தடவை மேடம் கையால அளந்த எண்ணை அவங்களே உள்ளே போடுவாங்க. அது அவங்க போனுக்கு மட்டும்தான். முக்கோண எலும்பை எப்படிக் கண்காணிக்கிறதுன்னு அந்த இன்டர்ன் தோழியும் நானும் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கோம். முதுகுல ஒரு சின்ன சென்சாரை ஒட்டலாமான்னு ஒரு யோசனை. பி.பி.டி. காலேஜ் பக்கத்துல இருந்தும் இதுவரைக்கும் அந்த கேட்டைத் தாண்டாத இன்ஜினீயரிங் மக்கா, நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்.

நேத்து ராத்திரி மொட்டை மாடியில சித்தப்பா போனை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"டிகிரி எங்கடா காணோம்?"

"அது திருவள்ளூர்ல இருக்கு சித்தப்பா."

"அப்போ தேவலையா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் சட்டைப் பையில இருந்து சீப்பை எடுத்தார், வலது கையால. காதுக்கு மேல வரைக்கும் போச்சு. உச்சி வகிடுக்கு இன்னும் இடது கைதான்.