தறியும் குடும்பமும்

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு இன்றியமையாதது உடை. உடை நெய்யும் தொழிலுள் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு தனிச் சிறப்புடையது. அவ்வூரில் பல்லாண்டு தறியில் உழைத்த முதியோர், தம் வாழ்வைக் கூறுங்கால் தொழிலையும் இல்லறத்தையும் பிரித்துக் கூறுவதில்லை. வீடே அவர்தம் தொழிற்சாலை. கணவன் குழித்தறியில் அமர்ந்து நெய்வான். மனைவி தார் சுற்றித் தருவாள். பாவு நீட்டும்போது வீட்டார் அனைவரும் கைகொடுப்பர்.

சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறொரு நிறத்திலும் இணைத்து நெய்வது கோர்வை எனப்படும். இரு கரைக்கும் உடலுக்குமாக அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவரின் அருகே துணையாள் ஒருவரும் வேண்டும். முன்னாளில் அவ்விடத்தில் மகன் அமர்ந்தான். உதவிக்கொண்டே தொழிலையும் கற்றான்.

காலம் மாறிற்று. விசைத்தறிகள் பெருகின. சில ஆடைவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், இளைஞர் பலர் மாதச் சம்பளம் நாடித் திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள ஆலைகளுக்குச் செல்கின்றனர். முதியோர் அவர்களைக் குறை கூறுவதில்லை. பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றதும் நன்றே என்பர். எனினும், துணையாளின் இடம் வெறுமையானால் கோர்வை நில்லாதோ என்று கவல்வர். இன்று சில வீடுகளில் அவ்விடத்தில் மனைவியே அமர்கின்றாள். பிறர் மணநாளுக்குரிய பட்டை இணைந்து நெய்வதே அவர்தம் இல்லறமாகின்றது.

உழைப்புக்கேற்ற கூலி கிடைப்பின், கற்ற இளைஞரும் தறியை நாடுவர். கைத்திறனைப் புகழ்தல் எளிது. அதற்குரிய விலையை மனமுவந்து கொடுத்தலே அதனைக் காக்கும் வழியாகும்.