வீட்டைப் பூட்டுமுன் குழாயைப் பூட்டுக

நெடும்பயணம் புறப்படுவோர் கதவைப் பூட்டியபின், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டே படியிறங்குகின்றனர். நகை, பத்திரம் ஆகியவற்றைப் பற்றிய கவலை அது. வீட்டினுள் விட்டுச் செல்லும் தண்ணீரைப் பற்றி அவ்வாறு கவலைப்படுவோரை நாம் அதிகம் கண்டதில்லை.

கிணற்றில் இறைத்துக் குடத்தில் வைத்திருந்த காலத்தில், புறப்படும்போது குடத்தைக் கவிழ்த்துவிட்டால் போதும். இன்று செம்பாக்கத்தைப் பாருங்கள். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு, தரைக்கடியில் சம்ப், மாடியில் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு மூன்று குளியலறைகள் என்பன இங்கு வீடுதோறும் சாதாரணம். மகள் பிள்ளைப்பேற்றுக்கென்று வெளிநாடு சென்று, மாதக்கணக்கில் தங்கிவரும் பெற்றோர் தெருவுக்குச் சிலர் உள்ளனர். இது நகரத்தார் சமாசாரம் என்று கிராம அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அருகிலுள்ள வேங்கைவாசலிலும் அகரம்தென்னிலும் இத்தகைய வீடுகளே எழும்புகின்றன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் சிற்றூர் வீடுகளிலும் குழாய் வந்துவிட்டது.

முதலில் கசிவு. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீணாக்கும். அது சிறு நஷ்டம். தொட்டி குறைந்தால் தானே ஓடும் மோட்டார் உள்ள வீட்டில் ஓர் இணைப்புக் குழாய் விட்டுப்போனால், தொட்டி காலியாக ஆக மோட்டார் நிரப்பிக்கொண்டே இருக்கும்; நிறுத்துவதற்கு ஆளில்லை. ஆகவே மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, மேல் தொட்டியின் அடியிலுள்ள வால்வையும், தெருக் குழாயிலிருந்து வரும் இணைப்பின் வால்வையும் மூடிவிட வேண்டும். பின்னர்த் தாழ்வான குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் நீரை வடித்து, மறவாமல் அடைக்க வேண்டும். தண்ணீர் வரவில்லையே என்று திறந்து பார்த்த குழாயை அப்படியே விட்டுப் புறப்படுவதே பல வீடுகளில் வெள்ளத்திற்குக் காரணம்.

தொட்டிகளைக் காலி செய்துவிடலாமா என்று சிலர் கேட்கின்றனர். குளிர்தேசங்களில் குழாயினுள் நீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்பதால் அவ்வாறு செய்கின்றனர். நம் ஊரில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில் புறப்படுவோர், தொட்டிகளை நிரப்பி வைப்பதே நலம் என்பது நம் கருத்து. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. இத்தகைய காற்றில் காலியான பிளாஸ்டிக் தொட்டி மாடியில் நிலைப்பது அரிது. சம்பின் கதையும் அதுவே. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரியை ஒட்டிய இப்பகுதியில் நிலத்தடி நீர் விளிம்புவரை ஏறினால், 5,000 லிட்டர் கொள்ளும் காலித் தொட்டியை ஏறக்குறைய 5 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். கனத்த கட்டுமானம் தாங்கும். இலேசானது எழும்பி விரிசல் காணும். நீர் நிறைந்திருந்தால் அத்தொல்லை இல்லை. மூடியின் இடுக்கில் மட்டும் கொசு நுழையாதபடி துணியோ ரப்பரோ வைத்து இறுக்கிவிடுக. மாடி வடிகுழாய் வாயிலுள்ள சருகையும் அகற்றுக.

இனிச் சொல்வது அயலாரைப் பொறுத்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பானை, வாளி போன்றவற்றில் தேங்கிய நீரிலேயே பெருகுவது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாட்கள் போதும். அம்முட்டை நீர்மட்டத்திற்கு மேலுள்ள ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும்; உலர்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். எனவே வாளியைக் கொட்டுவதோடு நில்லாமல் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வீடு வீடாக வந்தாலும் பூட்டிய வாயிலிலிருந்து திரும்பவே வேண்டியிருக்கிறது. பிறருக்குக் கூறும் நாமே ஒருமுறை பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பியபோது, கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியில் புழுக்கள் நெளியக் கண்டு வெட்கினோம். அத்தொட்டியைக் காலி செய்துவிடுக. மெயினை அணைப்போர் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு நீரையும் கொட்டிவிடுக.

ஆனால் எங்கும் வறட்டிவிடலாகாது. கழிப்பறைக் கோப்பையின் வளைவிலும், குளியலறைத் தரையின் ஜாலிக்குக் கீழும் நிற்கும் சிறிது நீரே கழிவுத்தொட்டியின் நாற்றவாயுவையும் கரப்பான்களையும் தடுக்கும் பூட்டு. கோடையில் சில வாரங்களில் அது வற்றும். புறப்படும் நாளில் அவற்றில் நீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுக. எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைக் குறைக்கும். கொசுப்புழுவும் மூச்சுவிட இயலாது மடியும். ஜாலியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே ஒரு கல்லும் வைக்கலாம். கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. சாவி ஒன்றை அயல்வீட்டாரிடம் கொடுத்து, வால்வு இருக்குமிடத்தையும் நேரில் காட்டிச் செல்லுங்கள்.

திரும்பியவுடன் மோட்டாரைச் சற்று நேரம் அருகில் நின்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் தேங்கிய தொட்டி நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. செடிகளுக்கு விட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புக. குழாய்களில் முதலில் வரும் நீரைச் சிறிது நேரம் ஓடவிடுக. கீசரில் நீர் நிறைந்து, வெந்நீர்க் குழாயில் ஒழுங்காக வரும்வரை அதன் சுவிட்சைத் தொட வேண்டாம்.