வீட்டுல டாக்டர் இருக்காங்களா? அந்த இன்டெம்னிட்டி பாலிசியை ஒரு தடவை எடுத்துப் படிங்க

டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல நிறையவே பேசியாச்சு. இன்னைக்கு எடுத்துக்கிட்டது டாக்டர்களுக்கான புரொஃபஷனல் இன்டெம்னிட்டி பாலிசி.

கோவிலம்பாக்கம் பக்கம் வரித் தாக்கலுக்கு வர்ற இளம் தம்பதிகள்ல இப்படி ஒரு ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். கணவருக்கு ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை. மனைவி ரேடியல் ரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர். வீட்டுக்கடன் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கும். "நாளைக்கு உங்க மேல ஒரு புகார் வந்தா?"ன்னு கேட்டா, "ஆஸ்பத்திரி பார்த்துக்கும் சார்"னு பதில் வரும்.

1995 பிப்ரவரி, லூதியானா சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மூச்சுத்திணறல்ல இருந்த நோயாளிக்குக் கொண்டு வந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியா இருந்ததுன்னு குடும்பம் புகார் கொடுத்தது. நோயாளி இறந்துட்டார். டாக்டர் ஜேக்கப் மேத்யூ மேல கிரிமினல் வழக்கு பதிவாச்சு. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது 2005 ஆகஸ்ட் 5-ல. சிலிண்டர் இல்லாததுக்கு ஆஸ்பத்திரி சிவில் சட்டப்படி பொறுப்பாகலாம், ஆனா டாக்டர் மேல குற்ற வழக்கு நிக்காதுன்னு தீர்ப்பு. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியமா இருக்கணும். அதே துறை தெரிஞ்ச ஒரு சார்பில்லாத டாக்டரோட கருத்தை போலீஸ் முதல்ல வாங்கணும். சும்மா வழக்கமா கைது செய்யக் கூடாது. இன்னைக்கும் டாக்டர்களுக்காக வாதாடுற வக்கீல்கள் முதல்ல எடுத்து வைக்கிறது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஜெயிச்சார், சரி. ஆனா சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவுல பத்து வருஷம். வக்கீல் ஃபீஸ், டெல்லி வரைக்கும் அலைச்சல் எல்லாம் யார் பாக்கெட்ல இருந்து போகும்? என் கவலை அங்கதான்.

ஒரே சம்பவத்துக்கு மூணு இடத்துல பதில் சொல்ல வேண்டி வரலாம். ஒண்ணு போலீஸ், கிரிமினல் கோர்ட். இப்போ பி.என்.எஸ். 106(1)-படி டாக்டருக்கு அதிகபட்சம் 2 வருஷ சிறை, அபராதம். ரெண்டாவது தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். பதிவேட்டுல இருந்து பேரையே எடுக்கலாம். அப்படி எடுத்தா சம்பளமும் நின்னுடும், இ.எம்.ஐ. மட்டும் நிக்காது. மூணாவது நுகர்வோர் ஆணையம், அதாவது நஷ்டஈடு.

ஒண்ணுல தப்பிச்சா மத்ததுலயும் தப்பிச்சோம்னு அர்த்தமில்ல. கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரி வழக்குல 2009-ல டாக்டர்கள் மேல கிரிமினல் குற்றம் இல்லைன்னு சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2013-ல சுமார் 5.96 கோடி ரூபாயும் வட்டியும் நஷ்டஈடா கொடுக்கச் சொன்னது. அதுல ரெண்டு டாக்டர்கள் தலா 10 லட்சம், இன்னொருத்தர் 5 லட்சம், மீதி ஆஸ்பத்திரி.

இன்டெம்னிட்டி பாலிசி முக்கியமா உதவுறது இந்த மூணாவது இடத்துல. நஷ்டஈடும் அதை எதிர்த்து வாதாடுற செலவும் வரும். கோர்ட் போடுற அபராதம் வராது. கிரிமினல் வழக்குச் செலவும் கவுன்சில் விசாரணைச் செலவும் பாலிசிக்குப் பாலிசி மாறும். ஏஜென்ட் வாய்வார்த்தையா சொல்றதை நம்பாதீங்க, பாலிசி வாசகத்துல எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

இன்னொரு விஷயம்தான் நிறைய பேரைக் கவுத்துடும். இது பொதுவா 'கிளெய்ம்ஸ் மேட்' வகை பாலிசி. சிகிச்சை நடந்த அன்னைக்கு பாலிசி இருந்தா மட்டும் போதாது. புகார் வர்ற அன்னைக்கும் உயிரோட இருக்கணும். நுகர்வோர் புகாருக்கு 2 வருஷ அவகாசம் இருக்கு, தாமதத்தை ஆணையம் மன்னிக்கவும் செய்யலாம். 2023-ல சிகிச்சை, 2024-ல வேலை மாற்றம், 2025-ல நோட்டீஸ்னு வெச்சுக்குங்க. பழைய ஆஸ்பத்திரி பாலிசியில உங்க பேர் இன்னும் இருக்குமா? தனி பாலிசியா இருந்தாலும், ஒரு வருஷம் ரினியூ பண்ணாம விட்டா 'ரெட்ரோஆக்டிவ் தேதி' புதுசா ஆரம்பிச்சு, பழைய சிகிச்சைகள் எல்லாம் வெளியே போயிடலாம். நோட்டீஸ் வந்தா கம்பெனிக்கு உடனே எழுத்துல தெரிவிக்கணும். அவங்களைக் கேட்காம குடும்பத்தோட சமரசம் பேசினா கிளெய்மே போகலாம்.

வக்கீலுக்கு ஆயுதம் கேஸ் ஷீட்தான். சிகிச்சை தொடங்கி 3 வருஷம் வரை ஆவணங்களை வெச்சிருக்கணும், நோயாளி தரப்பு கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்லுது. (நீங்க நோயாளி பக்கம் இருந்தாலும் இந்த 72 மணி நேரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.)

இப்போ என் ஏரியா. மனைவிக்கு ஆஸ்பத்திரி கொடுக்கிறது சம்பளத்துக்கான டி.டி.எஸ். சான்றிதழா, ஃபீஸுக்கான சான்றிதழா? ஃபீஸுக்கானதுன்னா அவங்க கணக்குப்படி இவங்க ஊழியர் இல்ல, கன்சல்டன்ட். அப்போ 'ஊழியர்களுக்கு' எடுத்த பாலிசியில இவங்க வராம போக வாய்ப்பு அதிகம். கன்சல்டன்ட் கட்டுற பிரீமியத்தைத் தொழில் செலவா கழிக்கலாம். ஆனா பாதி வரவை லாபமா காட்டுற வழியில போனா தனியா கழிக்க முடியாது, அந்த மீதிப் பாதிக்குள்ளேயே அடக்கம். சம்பளம் வாங்குறவங்களுக்குக் கழிவே கிடையாது. மெடிக்ளெய்ம் கழிவுல போடலாமான்னு மாசத்துக்கு ஒருத்தராவது கேட்கறாங்க. முடியாது, அது ஹெல்த் இன்சூரன்ஸுக்கு.