அச்சறிந்து ஏற்றுக

மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் உணர்த்தினார். மாட்டுவண்டிக்கு உரைத்த அவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதே.

1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெளிவந்த மொறிஸ் மைனர் கார் நம் இலங்கையில் இன்றும் பேணப்பட்டு ஓடுகின்றது. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அச்சிறு வண்டியின் எடை ஏறத்தாழ 760 கிலோகிராம். உடல் இலேசானமையால் சிறிய எஞ்சினே அதற்குப் போதியதாயிற்று. பெற்றோற் செலவும் டயர்த் தேய்வும் குறைந்தன.

ஆயினும் அவ்விலேசுத் தன்மையே சுமையேற்றும்போது சோதனையாகின்றது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு, ஆளுக்கு 65 கிலோவாக ஐவர் நெருங்கியமர்ந்து, 75 கிலோ நெல்மூட்டையொன்றையும் ஏற்றிச் செல்வதாகக் கொள்வோம். கூடுதற் சுமை 400 கிலோ. வண்டியின் எடையிற் பாதிக்கும் மேல். 1300 கிலோ எடையுள்ள இக்காலக் காருக்கோ அது மூன்றிலொரு பங்கினுங் குறைவே.

மிகுசுமையால் பின்புற வில்தகடுகள் தாழும், முன்புறம் உயரும். சுக்கானுக்கு அடங்கும் பிடி தளரும். விளக்கொளி மேனோக்கி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். சுமை கூடிய அளவுக்கு, வண்டியை நிறுத்துகையில் பிறேக்கிற் பிறக்கும் வெப்பமும் கூடும். வெப்பம் மிகுந்தால் பிறேக்கின் பிடி குன்றும். காற்றுக் குறைந்த டயரோ சூடேறி வெடிக்கவுங் கூடும்.

ஆதலின் புறப்படுமுன் டயரின் காற்றைப் பாருங்கள். சுமைக்கேற்ப வேகத்தைக் குறையுங்கள். நெல்மூட்டை மறுநடையில் வரலாம். வண்டியேறியோரின் உயிரோ ஓட்டுபவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு மறுநடை இல்லை.